மதில் சூழ்ந்த துறைமுகமும் மழையில் மூட்டிய தீயும்

(அப்போஸ்தலர் பணி 27, 28ஆம் அதிகாரங்கள் பற்றிய ஞாயிறு சிந்தனை)



மத்தியதரைக் கடலின் நடுவே, சிசிலித் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 90 கிலோமீற்றர் தூரத்தில் மால்ற்றா என்னும் சிறு நாடு இருக்கிறது. அங்கு ஆண்டுதோறும் பெப்ரவரி 10ஆம் திகதி அரசாங்க விடுமுறை நாள். அரசன் முடிசூடிய நாளோ, போரில் வென்ற நாளோ அல்ல அது. ஒரு கப்பல் உடைந்த நாளை அந்த மக்கள் திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். அப்போஸ்தலராகிய புனித சின்னப்பர் ஏறிவந்த கப்பல் தங்கள் கரையில் மோதிச் சிதறியதைத் தங்கள் நாட்டின் பாக்கியமாக எண்ணி, அவருடைய திருச்சுரூபத்தைத் தோளிற் சுமந்து தலைநகர் வலெற்றாவின் வீதிகளிற் பவனி வருகிறார்கள். உலகிலே கப்பற்சேதத்தை நன்றியோடு நினைவுகூரும் மக்கள் வேறெங்கும் உண்டோ? அவ்விழாவின் பொருளை நாமும் சற்று ஆழ்ந்து சிந்திப்போம். அந்தக் கடல் எமக்கும் அந்நியமான கடல் அல்ல. ஏன் என்பதைப் பின்னர் கூறுவோம்.

துறைமுகத்தின் கண்ணும் காதும்

இன்று சிசிலியிலுள்ள பொட்சாலோத் துறையிலிருந்து மால்ற்றாவுக்குச் செல்வோர் விரைவுப் பயணிகள் கப்பலில் ஏறுவர். இரண்டு மணி நேரத்துக்கும் குறைந்த பயணம். மோட்டார் வண்டிகளையும் நூற்றுக்கணக்கான மக்களையும் ஏற்றிச் செல்லும் இந்த இரட்டை உடற் கப்பலை ஐரோப்பியர் 'கற்றமரான்' என்று அழைக்கின்றனர். அது எமது கரையோர மீனவரின் 'கட்டுமரம்' என்ற சொல்லேயன்றி வேறில்லை. எங்கள் சொல் எங்களுக்கு முன்பே அந்தத் துறைமுகத்தை அடைந்துவிட்டது!

கப்பல் நெருங்க நெருங்க, கடலிலிருந்து நேரே எழுந்தாற்போல மஞ்சட் சுண்ணக்கல் மதில்கள் தோன்றும். வாயிலின் ஒருபுறம் புனித எல்மோ கோட்டை, மறுபுறம் றிக்காசோலிக் கோட்டை. உள்ளே சென்றால் எதிரே புனித ஆஞ்செலோ கோட்டை. இவற்றுக்கிடையே 'பெருந்துறை' எனப்படும் ஆழமான இயற்கைத் துறைமுகம் கை விரல்கள் போலக் கிளை பிரிந்து கிடக்கிறது. மேலே தேவாலயக் குவிமாடங்கள். கீழே பீரங்கிகளுக்கென விடப்பட்ட துளைகள். நாள்தோறும் நண்பகலில் மேல்மாடப் பூங்காவுக்குக் கீழேயுள்ள மேடையிலிருந்து மரியாதைப் பீரங்கி ஒன்று முழங்குவதை இன்றும் கேட்கலாம்.

துறைமுகத்தின் எதிர்க்கரையில், செங்கிளேயா என்னும் சிறுநகரின் முனையிலே ஒரு கற்காவற்கூண்டு உண்டு. அதன் வெளிச்சுவரில் ஒரு கண்ணும் ஒரு காதும் பெரிதாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வருவது யார் என்று இந்தத் துறைமுகம் எந்நேரமும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறது என்பதே அவற்றின் பொருள். வருவோன் பகைவனானால் அவன் அஞ்சட்டும் என்பதற்காகவே அவை செதுக்கப்பட்டன.

பகைவனைக் காண்பதற்காகச் செதுக்கப்பட்ட கண், துன்பப்படுகிறவனைக் காணுமா? எதிரியின் துடுப்பொலியைக் கேட்பதற்காகச் செதுக்கப்பட்ட காது, நீரில் மூழ்குகிறவனின் கூக்குரலைக் கேட்குமா? வாசகர்களே, இந்தக் கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு அந்தத் தீவின் முதல் விருந்தாளியிடம் செல்வோம்.

இருநூற்று எழுபத்தாறு பேர்

கிறிஸ்துவுக்குப்பின் ஏறக்குறைய 60ஆம் ஆண்டு. அலெக்சாந்திரியாவிலிருந்து உரோமைக்குக் கோதுமை ஏற்றிச் சென்ற கப்பலொன்றில் கைதிகள் சிலரும் இருந்தனர். அவர்களுள் ஒருவர் சின்னப்பர். செசாரின் நீதிமன்றத்துக்கு முறையிட்டபடியால், யூலியு என்னும் நூற்றுவர் தலைவனின் காவலில் அவர் கொண்டுசெல்லப்பட்டார். உடன் சென்ற லூக்காஸ் அந்தப் பயணத்தை நாட்குறிப்புப் போல விவரமாக எழுதியிருக்கிறார். பழங்காலக் கடற்பயணங்களைப் பற்றி இவ்வளவு துல்லியமான வர்ணனைகள் மிகச் சிலவே என்பர் அறிஞர்.

கப்பல் கிரேத்தா தீவை அடைந்தபோது கடலுக்குரிய காலம் கடந்துவிட்டது. மாரியில் அந்தக் கடலிற் செல்வது உயிருக்கே ஆபத்து என்று சின்னப்பர் எச்சரித்தார். ஆயினும் நூற்றுவர் தலைவன் மாலுமியின் சொல்லையும் கப்பற் சொந்தக்காரனின் சொல்லையுமே நம்பினான். கோதுமை உரிய காலத்தில் உரோமையைச் சேர்ந்தால் இலாபம். அந்த இலாபத்தின் முன் ஒரு கைதியின் எச்சரிக்கை எடுபடவில்லை. இந்தச் சிறு செய்தியை மறவாதிருங்கள். கடலில் மாண்ட ஏழைகளின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப வரும்.

பின்பு வாடைக்கொண்டற் காற்று எழுந்தது. பதினான்கு நாட்கள் சூரியனும் இல்லை, விண்மீன்களும் இல்லை. சரக்கை எறிந்தார்கள், கப்பற் தளபாடங்களை எறிந்தார்கள், இறுதியில் நம்பிக்கையையும் எறிந்துவிட்டார்கள். மாலுமிகள் சிலர் நங்கூரம் இறக்குவதாகப் பாசாங்கு செய்து, சிறு படகில் ஏறித் தாங்கள் மட்டும் தப்ப முயன்றனர். இவர்கள் கப்பலில் இராவிட்டால் மற்றவர் எவரும் தப்பமுடியாது என்று சின்னப்பர் சொல்ல, போர்வீரர் அந்தப் படகின் கயிறுகளை வெட்டிவிட்டனர். விடியும் வேளையிலே கைதியாகிய சின்னப்பர் அப்பத்தை எடுத்து, எல்லார் முன்பாகவும் இறைவனுக்கு நன்றி கூறிப் பிட்டு உண்ணத் தொடங்கினார். மற்றவர்களும் ஊக்கமடைந்து உண்டனர். அப்போதுதான் லூக்காஸ் ஒரு கணக்கைச் சொல்கிறார்: கப்பலில் இருந்தோர் அனைவருமாக 276 பேர்.

ஏன் இந்தக் கணக்கு? எழுதுகிறவர் ஒவ்வொரு தலையையும் எண்ணியிருக்கிறார். கைதியும் காவலனும், வணிகனும் மாலுமியும் அந்தக் கணக்கில் ஒரே நிறையுடையவர்கள். கப்பல் மணற்றிட்டில் மோதிப் பின்புறம் உடைந்தபோது, கைதிகள் நீந்தித் தப்பாதபடி அவர்களைக் கொன்றுவிடப் போர்வீரர் எண்ணினர். நூற்றுவர் தலைவன் தடுத்தான். நீந்தத் தெரிந்தோர் நீந்தினர். மற்றவர் பலகைகளையும் கப்பற்றுண்டுகளையும் பற்றிக்கொண்டனர். 276 பேரும் உயிரோடு கரை சேர்ந்தனர்.

அவர்கள் அடைந்த கரையில் மதில் இல்லை. கோட்டை இல்லை. கல்லிற் செதுக்கிய கண்ணும் காதும் இல்லை. உயிருள்ள மனிதரின் கண்களும் காதுகளுமே அங்கே இருந்தன.

மழையில் மூட்டிய தீ

அந்தத் தீவு மக்களை லூக்காஸ் 'பார்பரொய்' என்று குறிப்பிடுகிறார். கிரேக்க மொழி பேசாதவர்கள் என்பது அதன் பொருள். நாகரிகமற்றவர் என்ற இளக்காரமும் அச்சொல்லில் உண்டு. ஆனால் அதே வசனத்தில், அந்த மக்கள் காட்டிய அன்பைச் சொல்ல அவர் எடுத்தாளும் சொல் 'பிலாந்துரோப்பியா', அதாவது மனிதநேயம். கிரேக்கரின் உயர்ந்த அறநெறிச் சொற்களில் அது ஒன்று. எவர்களை உலகம் நாகரிகமற்றவர் என்றதோ, அவர்களிடமே நாகரிகத்தின் உச்சத்தைக் கண்டதாக லூக்காஸ் சொல்கிறார். அதுவும் வழமையான அன்பல்ல, அசாதாரணமான அன்பு என்கிறார்.

அவர்கள் செய்தது என்ன? மழை பெய்தது, குளிர் அடித்தது, தீ மூட்டினார்கள். அவ்வளவுதான். ஆனால் மழையில் தீ மூட்டிப் பார்த்தவர்களுக்கு அது எத்தகைய வேலை என்பது தெரியும். ஈரமான கரையில் உலர்ந்த விறகு கிடைக்காது. தங்கள் குடிசைகளில், மாரிகாலத்துக்கென்று சேர்த்துவைத்த விறகையே அவர்கள் கொண்டுவந்திருக்கவேண்டும். 276 பேர் குளிர்காயும் தீக்கு எத்தனை வீடுகளின் சேமிப்பு எரிந்திருக்கும்! அதுவும் எப்போது? வந்தவர்கள் யார், எந்தக் குற்றத்துக்காகக் கட்டுண்டவர்கள், எந்தத் தெய்வத்தை வணங்குகிறவர்கள் என்று விசாரிக்க முன்னரே! தீ முதலில், விசாரணை பின்பு.

சின்னப்பரோ தீயருகே கைகட்டி உட்கார்ந்திருக்கவில்லை. பதினான்கு நாட்கள் அலைக்கழிந்த அந்த மனிதர், தாமும் சுள்ளி பொறுக்கிவந்து தீயில் இட்டார். அப்போதுதான் விரியன் பாம்பொன்று அவர் கையைப் பற்றியது. கடலுக்குத் தப்பினாலும் நீதி இவனை விடவில்லை. இவன் கொலைகாரனாக இருக்கவேண்டும் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அவருக்கு ஒரு தீங்கும் நேராததைக் கண்டதும் தெய்வமென்றார்கள். அந்நியனைக் கண்டால் மனித மனம் எவ்வளவு எளிதில் இரு துருவங்களுக்கும் ஓடிவிடுகிறது, பார்த்தீர்களா? ஒன்றில் கொலைகாரன், அல்லது தெய்வம்! தன்னைப்போல ஒரு மனிதன் என்று எண்ணுவதுதான் கடினம். ஆயினும், கொலைகாரன் என்று எண்ணிய வேளையிலும் அவரைத் தீயருகிலிருந்து துரத்தியதாக லூக்காஸ் எழுதவில்லை.

தீவின் தலைவனாகிய புப்பிலியு அவர்களை மூன்று நாள் விருந்தோம்பினான். காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் படுக்கையிற் கிடந்த அவன் தந்தையைச் சின்னப்பர் செபித்துக் கைகளை வைத்துக் குணமாக்கினார். மூன்று மாதங்களின் பின் அவர்கள் புறப்பட்டபோது, பயணத்துக்கு வேண்டியவற்றையெல்லாம் மக்கள் கொடுத்தனுப்பினார்கள். சின்னப்பர் மால்ற்றாவிற் செய்த பிரசங்கம் ஒன்றையேனும் லூக்காஸ் எழுதிவைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. சுள்ளி பொறுக்கியதையும் நோயாளிகளைத் தொட்டதையும் மட்டுமே எழுதினார். மால்ற்றாவின் விசுவாசம் மேடைப்பேச்சிலிருந்து பிறக்கவில்லை. ஒரு தீயைச் சுற்றிப் பிறந்தது.

மருத்துவமனையும் மதிலும்

காலங்கள் உருண்டன. 1530ஆம் ஆண்டில், பேரரசன் ஐந்தாம் சார்ள்ஸ் மால்ற்றாவை ஸ்நாபக அருளப்பர் சபையின் போர்த்துறவிகளுக்குக் கொடுத்தான். ஆண்டுக்கு ஒரு வல்லூறு மட்டுமே குத்தகை. ரோட்ஸ் தீவைத் துருக்கியரிடம் இழந்து, ஏழு ஆண்டுகளுக்கு மேலாக நிலையான இருப்பிடமின்றி அலைந்தவர்கள் அவர்கள். அவர்களும் ஒருவகையில் கப்பலில் வந்த அகதிகளே!

அந்தச் சபை எருசலேமில் தொடங்கியது வாளோடு அல்ல. திருயாத்திரை சென்ற ஏழைகளையும் நோயாளிகளையும் பராமரிக்கும் ஒரு விடுதியாகவே அது தொடங்கி, 1113இல் பாப்பரசரின் அங்கீகாரத்தைப் பெற்றது. நோயாளிகளைத் தங்கள் 'எசமானர்கள்' என்று அழைப்பது அவர்கள் மரபு. பின்னரே ஆயுதம் எடுத்தார்கள்.

1565இல் துருக்கியப் பெருங்கப்பற்படை மால்ற்றாவை முற்றுகையிட்டது. மே மாதம் தொடங்கிய போரில், யூன் 23ஆம் திகதி, ஸ்நாபக அருளப்பர் திருநாளின் முன்னாளில், புனித எல்மோ கோட்டை வீழ்ந்தது. ஆயினும் மற்றக் கோட்டைகள் வீழவில்லை. சிசிலியிலிருந்து உதவிப்படை வந்துசேர, செப்டெம்பர் 8ஆம் திகதி, தேவதாயின் பிறப்பு விழாவன்று முற்றுகை நீங்கியது. மறு ஆண்டு, 1566 மார்ச் 28இல், பெருந்தலைவர் லா வலெத் புதிய நகருக்கு அடிக்கல் நாட்டினார். அவர் பெயரையே தாங்கும் வலெற்றா நகரம் அதுதான். இன்று கப்பலில் வருவோர் வியந்து நோக்கும் மதில்களிற் பெரும்பாலானவை அந்த அச்சத்திலிருந்து எழுந்தவை.

அந்த நகரில் துறைமுகத்தை நோக்கியபடி, 1574இல் அவர்கள் ஒரு பெரிய மருத்துவமனையையும் எழுப்பத் தொடங்கினர். அதன் பெருங்கூடம் ஏறக்குறைய 155 மீற்றர் நீளமுடையது. அங்கே நோயாளிகளுக்கு வெள்ளித் தட்டுகளில் உணவு பரிமாறப்பட்டது. பிரபு குலத்துப் பிள்ளைகளான போர்த்துறவிகளே முறைவைத்து வந்து தங்கள் கையால் பரிமாறினர். மாலுமியும் ஏழையும் அந்தத் தட்டுகளில் உண்டனர். இது திருச்சபையின் வரலாற்றில் ஒளிவீசும் பக்கம்.

ஆனால் உண்மையை முழுமையாகச் சொல்லவேண்டும். அதே நகரில், அதே துறைமுகத்தின் அருகில், அடிமைகளுக்கான பெருஞ்சிறையும் இருந்தது. போரிலும் கடற்கொள்ளையிலும் பிடிபட்டவர்கள் துடுப்பு வலிக்கும் கப்பல்களிற் சங்கிலியால் பிணைக்கப்பட்டனர். மதில்கட்டும் வேலையிலும் வாட்டப்பட்டனர். நோயாளியைக் கிறிஸ்துவாகக் கண்ட கண்கள், அடிமையைக் கிறிஸ்துவாகக் காணவில்லை. 1798இல் நெப்போலியன் தீவைக் கைப்பற்றிப் போர்த்துறவிகளை வெளியேற்றினான். மருத்துவமனையின் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கக் கொண்டுபோன அதே நெப்போலியன்தான் அந்த அடிமைகளின் விடுதலையையும் அறிவித்தான். செபமாலை பிடித்த கை செய்யத் தவறியதை, கொள்ளையிட வந்த கை செய்தது! இதை எண்ணி விசுவாசிகளாகிய நாம் தலைகுனிய வேண்டியவர்களாயிருக்கிறோம்.

மதில் சோறு போடுமா?

மதில்கள் எவ்வளவு உயர்ந்தாலும் ஒரு காரியத்தை அவற்றாற் செய்யமுடியாது. அவை பசியைத் தடுக்கமாட்டா. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் மால்ற்றா இதை நன்றாக அறிந்துகொண்டது. இத்தாலிய, ஜேர்மன் விமானங்கள் இரவுபகலாகக் குண்டு பொழிந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மொஸ்தாவிலுள்ள பெரிய ஆலயத்தின் குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு விழுந்தது. உள்ளே முந்நூறு பேரளவில் கூடியிருந்தும் அது வெடிக்கவில்லை. ஆனால் குண்டுக்குத் தப்பியோர் பட்டினிக்குத் தப்ப வழியில்லாதிருந்தது. உணவும் எரிபொருளும் முடியும் தறுவாயில், அவ்வாண்டு ஆகஸ்டில் பதினான்கு சரக்குக் கப்பல்கள் காவற் கப்பல்கள் சூழப் புறப்பட்டன. ஒன்பது கடலில் மூழ்கின. ஐந்தே வந்து சேர்ந்தன.

அவற்றுள் கடைசியாக வந்தது எரிபொருள் தாங்கிய 'ஒகாயோ' என்னும் கப்பல். இயந்திரம் நின்று, உடல் பிளந்து, மூழ்கும் நிலையில் இருந்த அதை இரு போர்க்கப்பல்கள் இருபுறமும் கட்டி அணைத்தபடி பெருந்துறைக்குள் கொண்டுவந்தன. அன்று 1942 ஆகஸ்ட் 15, தேவதாயின் விண்ணேற்பு விழா. கோட்டை மதில்களின்மேல் கூடிநின்ற மக்கள் அழுதார்கள், ஆர்ப்பரித்தார்கள். அந்தக் கப்பல் வரிசையை மால்ற்றா மக்கள் இன்றுவரை 'சாந்த மரியா' என்ற தேவதாயின் பெயராலேயே அழைக்கிறார்கள். பகைவனை வெளியே நிறுத்தக் கட்டிய துறைமுகம், தன் வாயிலுக்குள் நுழைந்த ஒரு கப்பலால்தான் உயிர் பிழைத்தது. கோட்டைக்கு மதில் அழகு. ஆனால் அதற்கு உயிர் கொடுப்பது வாசல்.

எமது பிள்ளைகளின் கடல்

இனி, அந்தக் கடல் எமக்கு ஏன் அந்நியமானதல்ல என்பதைச் சொல்லவேண்டும். இதை வாசிக்கும் தாய்மாரின் மனம் நோகும் என்பதை அறிவோம். ஆயினும் சொல்லாமல் விடலாகாது.

1996ஆம் ஆண்டு, கிறிஸ்து பிறப்பு விழா இரவு. பாலன் இயேசுவுக்கு விடுதியில் இடமில்லாமற்போன அதே இரவு. 'யோகான்' என்னும் கப்பல் நூற்றுக்கணக்கான மனிதரை மறைத்து ஏற்றிக்கொண்டு மால்ற்றாவுக்கும் சிசிலிக்கும் இடையிலுள்ள கடலில் நின்றது. அவர்கள் இந்தியரும் பாகிஸ்தானியரும் எமது இலங்கைத் தமிழருமாவர். கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கையில், கரைக்குக் கொண்டுபோவதென்று சொல்லி, மால்ற்றாவிலிருந்து வந்த ஒரு பழைய மரப்படகில் அவர்களுட் பெரும்பாலோரை நெருக்கி ஏற்றினார்கள். படகில் நீர் ஏறியது. கப்பல் திரும்பி வந்தபோது படகோடு மோதியது. குறைந்தது 283 பேர் அந்த இருளில் மாண்டார்கள்.

மாரிக் கடலில் போகவேண்டாம் என்ற எச்சரிக்கையை இலாபத்தின் முன் எவரும் கேட்கவில்லை. பத்தொன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் அதே கடல், அதே மாரி, அதே பேராசை! ஆனால் 276 பேர் சென்ற கப்பலில் ஒருவரும் சாகவில்லை. இங்கோ 283 பேர். வேறுபாடு காற்றிலா? அலையிலா? அந்தக் கப்பலில் தலைகளை எண்ணிய ஒருவர் இருந்தார். கொல்லத் துணிந்தோரைத் தடுத்த ஒருவன் இருந்தான். கரையில் விறகோடு ஓடிவந்த மக்கள் இருந்தார்கள். இந்தப் படகில் எமது பிள்ளைகளைப் பணத்தின் கணக்கிலன்றி வேறெந்தக் கணக்கிலும் எவரும் எண்ணவில்லை.

அதன்பின் நடந்தது அதனினும் கொடிது. தப்பியவர்கள் கிரேக்க நாட்டிற் கரையேறி நடந்ததைச் சொன்னார்கள்; அதிகாரிகள் நம்பவில்லை. சிசிலியின் தென்முனையிலுள்ள மீனவரின் வலைகளில் உடல்கள் சிக்கின. சொன்னால் விசாரணை வரும், தொழில் நாட்கள் வீணாகும் என்று அஞ்சி, அவற்றை மீண்டும் கடலிலேயே போட்டுவிட்டார்கள். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகும் கத்தோலிக்கர் வாழும் கரை அது. அவர்களை நாம் கல்லெறிய வேண்டாம். வறுமையின் அச்சம் எங்கள் கரைகளிலும் இருக்கிறது. ஆனால் ஐந்தாண்டுகளாகியும் அந்தச் சாவுகள் 'ஆவிக் கப்பற்சேதம்' என்றே பேசப்பட்டன.

2001இல் ஒரு மீனவரின் மனச்சாட்சி விழித்தது. அவர் வலையில் வந்த ஓர் உடுப்பின் பையினுள், நீர் புகாது பொதியப்பட்ட ஓர் அடையாள அட்டை கிடைத்தது. ஓர் இலங்கைத் தமிழ் இளைஞனின் அட்டை அது. எங்கள் எழுத்து, எங்கள் ஊர்ப் பிள்ளையின் முகம். அந்த மீனவர் அதைக் கடலில் எறியவில்லை. ஓர் இத்தாலியப் பத்திரிகையாளரிடம் உண்மையைச் சொன்னார். அவ்வாண்டு யூனில், 108 மீற்றர் ஆழத்திற் கிடந்த படகு படம்பிடிக்கப்பட்டது. உலகம் நம்பியது. உண்மை சொன்ன மீனவரோ தம் ஊரவரின் வெறுப்புக்கு ஆளானார். எனினும் ஒரு தமிழ்த் தாய்க்குத் தன் மகன் எங்கே என்பது தெரியவந்தது அவராலேயே. அந்த மனிதரின் வலையில் விழுந்தது ஓர் அட்டை மட்டுமல்ல; கிறிஸ்துவின் முகமே அதில் இருந்தது.

வாசலில் நின்ற படகுகள்

மால்ற்றாவும் தன் பழைய தீயை எப்போதும் மூட்டிவைத்திருந்ததென்று சொல்லமுடியாது. 316 சதுர கிலோமீற்றர் நிலத்தில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் நெருங்கி வாழும் தீவு அது. பெரிய நாடுகள் சுமையைப் பகிர மறுப்பதாக அதன் அரசாங்கம் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆயினும் 2020ஆம் ஆண்டு, கொள்ளைநோயைக் காட்டித் துறைமுகங்கள் மூடப்பட்டபோது, கடலில் மீட்கப்பட்ட நானூறுக்கும் அதிகமானோர், உல்லாசப் பயணிகளைச் சுற்றிக்காட்டும் படகுகளில், கடலெல்லைக்கு வெளியே வாரக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டனர். யூன் 6ஆம் திகதியே அவர்கள் கரையில் இறக்கப்பட்டனர். விடுமுறை இன்பத்துக்கென்று செய்த படகு, வாசலுக்கு வெளியே மிதக்கும் சிறையாயிற்று.

காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஏப்ரல் 2, 3ஆம் திகதிகளில் மால்ற்றாவுக்கு வந்தார். சின்னப்பருக்குத் தீவு மக்கள் காட்டிய அந்த அசாதாரண அன்பையே தம் பயணத்தின் கருப்பொருளாகக் கொண்டிருந்தார். நடக்கச் சிரமப்பட்ட அந்த வயோதிபத் தந்தை, பெருந்துறையிலிருந்து கற்றமரான் கப்பலில் ஏறிக் கோசோத் தீவிலுள்ள தா பீனு மாதா திருத்தலத்துக்குச் சென்றார். மறுநாள் றபாத்திலுள்ள சின்னப்பரின் குகையிற் செபித்தார். பின்பு கடல் கடந்து வந்த அகதிகள் தங்கும் நிலையத்துக்குச் சென்று அவர்களோடு அமர்ந்தார். மதிலைப் பார்க்க வந்தவரல்ல அவர். தீ இன்னும் எரிகிறதா என்று பார்க்க வந்தவர்.

எமது மதில்கள்

அன்பார்ந்த குடும்பங்களே, தூரத்துத் தீவொன்றின் கதையைச் சொல்லிவிட்டு எழுந்து போவதற்காக இதை எழுதவில்லை.

எம்மவர் எத்தனை துறைமுகங்களில், எத்தனை விமான நிலையங்களில், கையேந்தி நின்றிருக்கிறார்கள்! முன்பின் அறியாத வெள்ளையர் ஒருவர் போர்வை கொடுத்ததையும், பங்குக் குருவானவர் ஒருவர் அறை கொடுத்ததையும் கண்ணீரோடு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களை வாசித்து நாமும் ஆண்டவருக்குத் தோத்திரம் செய்தோம். ஆனால் அதே ஊரில், அதே பங்கில், இடம்பெயர்ந்து வந்து குடியேறிய குடும்பத்தை இருபது வருடமாகியும் 'வந்தவர்கள்' என்றே அழைக்கிறோம். சாதியைக் கேட்டுத்தான் வாசலுக்குள் விடுகிறோம். கோவிலில் ஒரே அப்பத்தில் பங்குகொண்டுவிட்டு, வீட்டில் வேறு கோப்பையில் தேநீர் கொடுக்கிறோம். எங்கள் பிள்ளைக்குப் பிறர் கதவு திறக்கவேண்டும். எங்கள் கதவு மட்டும் பூட்டியே இருக்கவேண்டும்! இது எந்தச் சுவிசேஷத்தில் எழுதியிருக்கிறது?

செங்கிளேயாவின் காவற்கூண்டிலுள்ள கண்ணையும் காதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பங்கிலும் அவை இருக்கின்றன. அயலவன் எங்கே தவறுகிறான் என்று பார்க்கும் கண். அவன் வீட்டுக் குறைகளைக் கேட்கும் காது. இந்தக் கண்ணையும் காதையும் பிடுங்கி எறியத் தேவையில்லை, திருப்பிவைத்தாற் போதும். அந்தக் கண் அடுத்த வீட்டில் அடுப்பு எரியாததைப் பார்க்கட்டும். அந்தக் காது இரவில் அழும் விதவையின் குரலைக் கேட்கட்டும்.

வெளிநாடுகளில் வாழும் எம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தீயருகே உங்களுக்கு இடம் கிடைத்தது நல்லது. சின்னப்பரைப்போல நீங்களும் சுள்ளி பொறுக்குங்கள். உங்களுக்குப் பின் நனைந்து வருகிறவன் வேறு நிறத்தவனாக, வேறு மதத்தவனாக இருக்கலாம். அவன் வரும்போது கதவைச் சாத்தச் சொல்லும் கூட்டத்தில் உங்கள் குரல் சேராதிருக்கட்டும்.

பிள்ளையைக் கடல்வழி அனுப்ப எண்ணும் பெற்றோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். தாலிக்கொடியை அடகுவைத்து அனுப்பும் உங்கள் வேதனையை நாம் குறைகூறவில்லை. ஆனால் காசு வாங்கும் முகவர் சொல்வதை மட்டும் கேட்கவேண்டாம். கப்பற் சொந்தக்காரனின் சொல்லை நம்பிய நூற்றுவர் தலைவனின் கதையை வீட்டில் எல்லாரும் இருக்கும்போது ஒருமுறை உரக்க வாசியுங்கள்.

கடலில் மாண்ட 283 பேருக்கும், அதன்பின் அதே கடல் விழுங்கிய ஆயிரமாயிரம் பேருக்கும் கல்லறை இல்லை. நவம்பர் மாதத்தில் சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றும்போது, கல்லறையில்லாதவர்களுக்காக ஒரு திரியை அதிகமாக ஏற்றுங்கள். அவர்களுட் கிறிஸ்தவர் உண்டு, இந்துக்கள் உண்டு, இஸ்லாமியர் உண்டு. கப்பலிலிருந்த 276 பேரையும் வேறுபாடின்றிக் கரைசேர்த்த இறைவன், இவர்களையும் தம் கணக்கிலிருந்து தவறவிடமாட்டார்.

இறுதி நாளில் எம்மிடம் கேட்கப்படும் கேள்விகளை மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் முன்கூட்டியே அறிவித்துவிட்டார். எவ்வளவு உயரமாக மதில் கட்டினாய் என்பது அவற்றில் இல்லை. அந்நியனாய் வந்த தம்மை ஏற்றுக்கொண்டோமா என்பது இருக்கிறது.

மழை பெய்துகொண்டிருக்கிறது. குளிர் அடிக்கிறது. கரையில் யாரோ நனைந்து நிற்கிறார்கள். உலர்ந்த விறகு எங்கள் வீட்டிலேதான் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவரும் மனத்தை, சின்னப்பரின் மன்றாட்டினாலும் கடலின் விண்மீனாகிய தேவதாயின் பரிந்துரையினாலும், ஆண்டவர் எமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.